ஆண்ட்ரோமெடாவின் கதாஸ்தர்

சென்ற மாதம் கியோம் லெ ழான்தியைப் பற்றி எழுதியிருந்தேன். வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதைப் பார்ப்பதற்காக பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறியவர். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் கடலிலேயே அதைப் பார்த்தார். அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, 1769 ஜூனில் நம் ஊர் மேகத்தால் ஏமாந்து திரும்பினார். அந்த மனிதர் இளம் வயதில், 1749இல், ஆண்ட்ரோமெடா நெபுலேசுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மங்கல் ஒளி இருப்பதைக் கண்டுபிடித்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "நெபுலேஸ் என்றால் மேகம் என்றுதானே நமக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆண்ட்ரோமெடா என்பது மேகமா, நட்சத்திரக் கூட்டமா? இரண்டில் எது?"

நியாயமான கேள்வி. இரண்டும் என்பதுதான் பதில். ஆனால் அந்த "இரண்டும்" என்ற சொல்லுக்குள் பெரிய கதை ஒன்று இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் நிலப் பதிவேடுகளோடு காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கதையில் தனிப் பிரியம். ஏனென்றால் அதன் நடுவில் இருப்பது ஒரு பதிவேடு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லெ ழான்தியின் காலத்தில் தொலைநோக்கியில் மங்கலாக, பஞ்சுபோலத் தெரிந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், நெபுலேஸ். ஷார்ல் மெசியே வால்நட்சத்திரம் தேடுகிறவர். அவற்றைப் போலவே தெரிந்து ஏமாற்றும் இந்தப் பஞ்சுகளுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியல் எழுதினார். 1781இல் அச்சான பட்டியலில் 103 எண்கள். ஆண்ட்ரோமெடாவுக்கு 31. லெ ழான்தி கண்டதற்கு 32. திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற ஓரியன் கூட்டத்தில், மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே மங்கலாகத் தெரிகிறதே, அதற்கு 42. எல்லாம் ஒரே பேரேட்டில். இது நன்செய், இது புன்செய் என்று பிரிக்காமல்.

பிரித்தவர் லண்டன்காரர், வில்லியம் ஹக்கின்ஸ். 1864 ஆகஸ்டில் ஒரு நெபுலேசின் ஒளியைப் பட்டகத்தின் வழியே பார்த்தார். நட்சத்திர ஒளி என்றால் வானவில் போல நிறங்கள் தொடர்ச்சியாக வரவேண்டும். அவருக்குத் தெரிந்ததோ கருமைக்கு நடுவே சில தனித்தனிக் கோடுகள். சூடான, அடர்த்தி குறைந்த வாயுதான் அப்படிக் கோடு கோடாக ஒளி விடும். ஓரியன் நெபுலேசும் அதே இனம் என்று தெரிந்தது. ஆனால் ஆண்ட்ரோமெடாவைப் பார்த்தால் தொடர்ச்சியான நிறங்களே வந்தன. அதாவது ஓரியனில் இருப்பது வாயு. ஆண்ட்ரோமெடாவில் இருப்பது வேறு ஏதோ. அந்த "வேறு ஏதோ" என்னவென்று தெரிய இன்னும் அறுபது வருடம் ஆனது. 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால், ஆண்ட்ரோமெடாவுக்குள் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தார். அதை வைத்துத் தூரம் கணக்கிட்டதில், அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிற தனி கேலக்ஸி என்று உறுதியானது. இன்றைய கணக்கில் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம்.

ஆகவே நண்பருக்குப் பாதிப் பதில்: ஆண்ட்ரோமெடா மேகம் அல்ல, கோடானுகோடி நட்சத்திரங்களின் ஊர். மீதிப் பாதி என்னவென்றால், அந்த ஊருக்குள்ளே ஓரியன் நெபுலேஸ் போன்ற உண்மையான வாயு மேகங்களும் இருக்கவேண்டும் அல்லவா? எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன?

இந்த மேகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன். அதிலிருந்து புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சில நடுவில் இருக்கும். நம் சூரியனின் மேற்பரப்பு ஐந்தாயிரத்துச் சொச்சம் டிகிரி என்றால், அவை முப்பதாயிரத்துக்கும் மேல். அவ்வளவு சூட்டில் அவை கொட்டுவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். அது ஹைட்ரஜன் அணுவை உடைத்து எலக்ட்ரானைத் துரத்திவிடும். துரத்தப்பட்ட எலக்ட்ரான் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டு படிப்படியாக உள்ளே இறங்கும்போது, ஒரு படியில் சிவப்பு ஒளி விடும். அலைநீளம் 656.3 நானோமீட்டர். எப்போதும் அதே சிவப்பு. இந்த எண்ணை வாசகர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கவேண்டும், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். அவ்வளவு பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுள் குறைவு. சூரியனுக்கு ஆயிரம் கோடி வருடம் என்றால் இவற்றுக்குச் சில பத்து லட்சங்களிலிருந்து ஒரு கோடி வருடத்துக்குள் கதை முடிந்துவிடும். பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போக அவகாசமே கிடையாது. எங்கே சிவப்பு மேகம் ஒளிர்கிறதோ அங்கே இப்போது நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரசவ வார்டு எங்கே என்று காட்டும் விளக்கு மாதிரி.

இந்த விளக்குகளை ஆண்ட்ரோமெடாவில் எண்ணியவர் வால்டர் பாடே. ஜெர்மானியர், 1893இல் பிறந்தவர். பிறவியிலேயே இடுப்பில் குறை, சற்று விந்தி விந்தி நடப்பார். 1931இல் மவுண்ட் வில்சனில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்; ஆனால் வீடு மாற்றும்போது அந்தக் காகிதம் தொலைந்துபோனது. மறுபடி முதலிலிருந்து யார் அலைவது என்று அப்படியே விட்டுவிட்டார். காகித விஷயத்தில் இப்படி இருப்பவர்களை என் மேசைக்கு எதிரே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நல்ல மனிதர்கள், கெட்டிக்காரர்கள், காகிதம் என்றால் மட்டும் அலுப்பு. ஆனால் 1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், காகிதம் இல்லாத பாடே சட்டப்படி எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. இரவில் வெளியே வரக்கூடாத வானியலாளர்! மேலிடத்தில் எடுத்துச் சொல்லி அவருக்கு விலக்கு வாங்கித்தர வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்தது விசித்திரம். மற்ற வானியலாளர்களில் பலர் யுத்த வேலைகளுக்குப் போய்விட்டார்கள். எதிரிப் பிரஜை என்பதால் பாடேயை அந்த வேலைகளுக்கு எடுக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியில் அவருக்கு வேண்டிய அளவு நேரம் கிடைத்தது. போதாக்குறைக்கு, ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் விளக்குகளையும் மறைத்திருந்தார்கள். வானம் இருட்டாக இருந்தது. 1943 இலையுதிர் காலத்தில், சிவப்பு ஒளிக்கு இளகும் கண்ணாடித் தட்டுகளை அம்மோனியாவில் நனைத்துக் கூர்மைப்படுத்தி, மணிக்கணக்கில் படமெடுத்து, ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துக் காட்டினார். நம் லெ ழான்தி கண்ட அந்த 32ஆம் எண்ணையும் அதே சமயத்தில்தான் பிரித்தார். அது மேகம் அல்ல, ஆண்ட்ரோமெடாவின் துணையாக இருக்கிற சிறிய கேலக்ஸி.

வாயு மேகங்களைத் தேடும் வேலைக்கும் சிவப்புத் தட்டே கருவி. உபாயம் எளிது. ஒரே இடத்தை இரண்டு தட்டில் எடுப்பது. ஒன்றில் அந்த 656.3 சிவப்பு விழும், மற்றதில் விழாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நட்சத்திரங்கள் இரண்டிலும் இருக்கும். வாயு மேகம் ஒன்றில் மட்டும் இருக்கும். எளிது என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து செய்வதுதான் கஷ்டம். ஆண்ட்ரோமெடா வானத்தில் ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த நீளம். 1948இல் பாலமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி வந்தது. ஆனால் பெரிய கண்ணாடி ஒரு சமயத்தில் பார்ப்பது வானத்தின் சிறு துண்டைத்தான். துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு தட்டையும் உருப்பெருக்கிக்குக் கீழே அங்குலம் அங்குலமாகத் தேடவேண்டும். வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளப்பது போன்ற வேலை இது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் எப்படித் தயாரித்திருப்பார்கள் என்று பழைய வரைபடச் சுருள்களைப் பிரிக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண், அது இருக்கும் இடம். வேறு ஒன்றும் எழுதியிருக்காது.

பாடே செய்ததும் அப்படித்தான். செய்துகொண்டே வந்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. சிவப்பு மேகங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. நூலில் கோத்த முத்துப்போல வரிசையாக, ஆண்ட்ரோமெடாவின் சுருள் கைகளின் ஓரமாகவே நின்றன. நடுப்பகுதியில் அநேகமாக ஒன்றும் இல்லை. நடுவிலிருந்து முப்பதாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு தூரத்தில்தான் கூட்டம் அதிகம்.

இதைக் கேட்ட வில்லியம் மார்கன் என்ற அமெரிக்கர், அப்படியானால் நம் பால்வீதியிலும் ஒளிரும் மேகங்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்தால் நம்முடைய சுருள் கைகள் தெரியுமே என்று நினைத்தார். காட்டுக்குள் நிற்பவனுக்குக் காட்டின் உருவம் தெரியாது என்பார்களே, அந்த நிலைமைதான் அதுவரை. இரண்டு இளைஞர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு தூரங்களைக் கணக்கிட்டு, 1951 டிசம்பரில் கிளீவ்லேண்ட் நகரில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினார். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கை, அதற்கு வெளியே இன்னொன்று. கூடியிருந்தவர்கள் கைதட்டியது போதாமல் தரையைக் காலால் உதைத்து ஆரவாரம் செய்தார்களாம். பக்கத்து ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து நம் ஊருக்கு வரைபடம் போட்ட கதை.

பாடேயிடம் ஒரு குணம் இருந்தது. கண்டுபிடித்ததைப் பேசுவார், கடிதத்தில் எழுதுவார், கேட்டவர்களுக்குக் கொடுப்பார். அச்சுக்கு மட்டும் அனுப்பமாட்டார். இன்னும் கொஞ்சம் சரிபார்க்கவேண்டும் என்பார். 1958இல் ஓய்வுபெற்று, ஜெர்மனிக்குத் திரும்பி, 1960 ஜூனில் கோட்டிங்கனில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். ஆண்ட்ரோமெடா மேகப் பட்டியல் கையெழுத்திலேயே கிடந்தது. அதை எடுத்து ஒழுங்குபடுத்தி, இருவர் பெயரிலும் 1964இல் வெளியிட்டவர் ஹால்டன் ஆர்ப். மொத்தம் 688 மேகங்கள். தலைப்பே "இடங்கள்" என்றுதான் ஆரம்பிக்கும். படிக்க சுவாரசியமாக அதில் எதுவும் கிடையாது. எண்ணும் இடமும் மட்டும்.

இனி வெரா ரூபின் அம்மையாரின் கதை. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தில் வேலை, நான்கு குழந்தைகளின் தாய். பாலமார் மலையில் பெண்களைத் தொலைநோக்கியில் வேலை செய்ய விடாத காலம் அது; 1965இல்தான் முறைப்படி அனுமதி பெற்று அங்கே வேலை செய்தார், அப்படிச் செய்த முதல் பெண் அவர். அவருடன் வேலை செய்த கென்ட் ஃபோர்டு மங்கலான ஒளியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் குழாய்க் கருவி ஒன்றைப் பொருத்திய நிறமாலைமானி வைத்திருந்தார். இரவு முழுவதும் எடுக்கவேண்டிய படத்தை ஒன்றிரண்டு மணியில் எடுக்கலாம். இதை வைத்து ஆண்ட்ரோமெடா எப்படிச் சுற்றுகிறது என்று அளக்கலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

இப்போது 656.3க்கு வருவோம். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒரு சுருதி, விலகிப் போகும்போது இறங்கின சுருதி. ஒளிக்கும் அப்படியே. சுற்றுகிற கேலக்ஸியின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகும். அந்தந்தப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு மேகத்தின் 656.3 எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். நட்சத்திரங்களின் ஒளியைவிட இது வசதி. கோடு கூர்மையாக, தனியாக நிற்கும்.

ஆனால் மேகம் எங்கே இருக்கிறது? தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் அவை தெரியாது. அவ்வளவு மங்கல். இங்கேதான் பாடேயின் பட்டியல் வந்தது. பக்கத்தில் தெரிகிற நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அங்கிருந்து இத்தனை வடக்கே, இத்தனை கிழக்கே என்று கணக்குப்படி தொலைநோக்கியை நகர்த்தி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறமாலைமானியின் பிளவை வைத்துப் படமெடுக்கவேண்டும். எல்லைக்கல்லிலிருந்து அளந்து போய் மறைந்துபோன மூலையைக் கண்டுபிடிப்பதை நம் நில அளவர்கள் செய்வார்களே, அதேதான். அரிசோனாவின் இரண்டு மலைகளுக்கு அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், 67 மேகங்களின் வேகத்தை அளந்தார்கள். முடிவு 1970இல் வெளிவந்தது.

என்ன எதிர்பார்த்தார்கள் என்பதைச் சொன்னால்தான் அதன் அதிர்ச்சி புரியும். நம் சூரிய குடும்பத்தில் எடையெல்லாம் நடுவில். அதனால் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, பூமி 30, கடைக்கோடியில் இருக்கும் நெப்டியூன் 5 சொச்சம்தான். கேலக்ஸியிலும் ஒளி முழுக்க நடுவில் குவிந்திருக்கிறது; ஓரத்துக்குப் போகப் போக இருட்டு. ஆகவே ஓர மேகங்கள் மெதுவாகத்தான் சுற்றவேண்டும். நடுவிலிருந்து எழுபதாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு தூரம் வரை அளந்தார்கள். வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. ஒளி குறைந்துகொண்டே போன இடத்திலும், உள்ளே அடங்கிய எடையின் கணக்கு மட்டும் கூடிக்கொண்டே போனது.

அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் "கண்ணுக்குத் தெரியாத பொருள்" என்று முழங்கிவிடவில்லை. அளந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1939இலேயே ஹோரஸ் பாப்காக் என்ற இளைஞர் ஆண்ட்ரோமெடாவின் வெளிப்பகுதி எதிர்பாராத வேகத்தில் சுற்றுவதைக் கண்டிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பவர் வேறொரு கேலக்ஸிக் கூட்டத்தில் எடை உதைக்கிறது, கரும்பொருள் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அவரையும் சட்டை செய்யவில்லை. இந்த சுவிக்கியும் பாடேயும் சேர்ந்துதான் 1934இல் சூப்பர்நோவா என்ற விஷயத்தை எழுதினார்கள் என்பது வேடிக்கை. பிறகு இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் கரும்பொருள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் சுருள் கைகளுக்காக மேகங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தன் பட்டியல் எதிராளியின் வாதத்துக்கு வலுச் சேர்க்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள பாடே உயிரோடு இல்லை.

ரூபினுக்குப் பிறகு, 1975 வாக்கில், ரேடியோ அலைகளால் இன்னும் வெளியே வரை அளந்தார்கள்; அங்கேயும் வேகம் குறையவில்லை. ரூபினும் ஃபோர்டும் வேறு பல கேலக்ஸிகளையும் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இதே கதை. 1980 வாக்கில் உலகம் ஒப்புக்கொண்டது. நாம் அறிந்த பொருளைப்போல ஐந்து மடங்கு, என்னவென்றே தெரியாத பொருள் இருக்கிறது என்று இன்று சொல்கிறார்கள். ரூபின் 2016 கிறிஸ்துமஸ் அன்று காலமானார். நோபல் பரிசு தரவில்லை. அது அந்தப் பரிசுக்குத்தான் குறை என்பது என் கருத்து.

பட்டியல் வேலை 688ஓடு நிற்கவில்லை. அடுத்த பெரிய அளவை மர்சேயில் நடந்தது. மர்சேய் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கப்பல் துறைமுகம்; சிப்பாய் வேலைக்குப் போன மாமாக்கள், சித்தப்பாக்கள் இறங்கின இடம். அந்த ஊரில் வானியல் ஆய்வகமும் இருக்கிறது. 1914இலேயே அங்கே ஃபாப்ரியும் கூட்டாளிகளும் ஓரியன் மேகத்தின் கோடுகளை மிக நுட்பமாக அளந்திருந்தார்கள். அந்த வழியில் வந்த ழோர்ழ் கூர்தெசும் அவருடைய குழுவினரும், அந்தச் சிவப்பு ஒன்றை மட்டும் விட்டு மற்ற எல்லா நிறத்தையும் தடுக்கும் வடிகட்டிகளைச் செய்து, 1978இல் ஆண்ட்ரோமெடாவில் 981 மேகங்களைப் பட்டியலிட்டார்கள். 2011இல் எலக்ட்ரானிக் கேமராவும் கணினியும் சேர்ந்து எண்ணியதில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. கணினிக்குக் கண் வலிக்காது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில், நிலவில்லாத இரவு ஏழு எட்டு மணிக்கு, கடற்கரைச் சாலை விளக்குகளை விட்டு பாகூர்ப் பக்கம் எங்காவது இருட்டான வெளிக்குப் போங்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரத்தைப் பிடித்து, அதற்கு வடகிழக்கே வடக்கு வானத்தில் தேடினால், விரலால் தேய்த்த சுண்ணாம்புத் தடம்போல ஒரு மங்கல் தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது. சிவப்பு மேகங்கள் நிச்சயம் தெரியாது. அவற்றுக்குத் தட்டு வேண்டும், பாடே வேண்டும்.

நம் ஊர்ப் பத்திரங்களில் மறு நில அளவை எண் போட்ட பிறகும், பக்கத்தில் பழைய கதாஸ்தர் எண்ணையும் எழுதுகிறார்கள் அல்லவா? ஆண்ட்ரோமெடாவின் மேகங்களுக்கும் அப்படியே. புதுப் பட்டியல்கள் எத்தனை வந்தாலும், பாடே, ஆர்ப் இருவரின் பெயர் முதலெழுத்துகளோடு அந்தப் பழைய எண்ணையும் வானியலாளர்கள் இன்றும் கட்டுரைகளில் குறிப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.